எல்லாத் திசையிலும் எதிர்க்காற்று: ஒரு சைக்கிள் வீராங்கனையின் காற்றுத்தடை அளவீடு குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் வீராங்கனையும் அவருடைய பயிற்சியாளரும் தங்கள் தரவைப் பகிர ஒப்புக்கொண்டவர்கள். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. அளவீட்டுத் தரவை ஆராயும் பணி என்னிடம் வந்தது. சைக்கிளில் பொருத்திய சென்சார்களைக் கொண்டு காற்றுத்தடையைக் கணக்கிட முயலும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால், தொடக்கம் முதல் முடிவு வரை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

வீராங்கனை தனிநபர் நேரப்போட்டிகளில் ஓடுபவர். அவரும் சைக்கிளும் உடையும் தலைக்கவசமும் சேர்ந்து 72 கிலோ. 20 கிலோமீட்டர் போட்டிகளில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 41 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அதாவது நொடிக்குச் சுமார் 11.5 மீட்டர். சமதளத்தில் இந்த வேகத்தில் செலவாகும் திறனில் ஏறக்குறைய 85% காற்றைத் தள்ளவே போகிறது. மீதியின் பெரும்பகுதி டயரின் உருளல் தடைக்கும், சிறு பகுதி செயினிலும் பேரிங்குகளிலும் போகிறது. காற்றுத்தடையில் பெரும்பங்கு சைக்கிளுடையது அன்று, அதன்மேல் அமர்ந்திருக்கும் உடலுடையது. ஆகவே, அமர்வு நிலையை மாற்றுவதே வேகம் கூட்டுவதற்கு மலிவான வழி என்று பயிற்சியாளர் கருதியதில் தவறில்லை.

இந்தத் துறையில் எல்லோரும் பேசும் எண் ‘சிடிஏ’. உடலின் வடிவத்தைக் குறிக்கும் இழுவைக் கெழுவையும் காற்றை எதிர்கொள்ளும் முன்பரப்பையும் பெருக்கினால் கிடைப்பது, சதுர மீட்டரில் சொல்லப்படுவது. சாதாரண சாலைச் சைக்கிளில் கைப்பிடியின் மேற்பகுதியைப் பிடித்து நிமிர்ந்து அமர்ந்தால் இது 0.35க்கு மேல் இருக்கும். கைப்பிடியிலிருந்து முன்னோக்கி நீளும் ஏரோ பாரில் முன்கைகளை ஊன்றிக் குனிந்த நேரப்போட்டி நிலையில் 0.20 முதல் 0.25 வரை வரும்.

சைக்கிளில் இருந்தவை: இரு பெடல்களிலும் மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர், பின் சக்கர ஹப்பில் வேக சென்சார், காற்றழுத்தமானி உள்ள சைக்கிள் கம்ப்யூட்டர், ஏரோ பாரின் முனைக்குக் கீழே முன்னோக்கி நீண்ட ஒரு காற்றுவேக சென்சார். கடைசியாகச் சொன்னது பிட்டோ குழாய் வகை. எதிரே வரும் காற்று குழாயில் ஏற்படுத்தும் அழுத்தத்துக்கும் சுற்றுப்புற அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு காற்றின் வேகத்தைச் சொல்லும். எல்லாம் ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பில் கம்ப்யூட்டருடன் பேசின. கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சிடிஏவைத் திரையில் காட்டியது.

பயிற்சியாளர் முன்கைத் திண்டுகளை உயர்த்தி, கைகள் முகத்துக்கு நெருக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி மாற்றினார். நேரப்போட்டியாளர்களிடையே இந்த நிலை இப்போது பரவலானது. சர்வதேச சைக்கிள் சங்கமும் 2023 முதல் வீரரின் உயரத்துக்கு ஏற்ப இதற்கான வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. பழைய நிலையை இனி ‘தாழ் கை’ என்றும் புதியதை ‘உயர் கை’ என்றும் குறிப்பிடுகிறேன்.

வந்த கேள்வி

திரையில் தாழ் கை நிலைக்கு 0.238, உயர் கை நிலைக்கு 0.224 என்று வந்திருந்தது. ஏறக்குறைய 6% குறைவு. போட்டி வேகத்தில் இது சுமார் 12 வாட் சேமிப்பு. அதே திறனில் ஓடினால் 20 கிலோமீட்டரில் அரை நிமிடம் முன்னதாக முடிக்க வேண்டும். ஆனால், புதிய நிலையில் ஓடிய போட்டிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. சராசரித் திறன் முன்பு போலவே இருந்தது, நேரமும் முன்பு போலவே இருந்தது.

“திரையில் எண் குறைந்துவிட்டது, கடிகாரத்தில் குறையவில்லை. எதை நம்புவது?” என்று பயிற்சியாளர் கேட்டார். வீராங்கனையின் கவலை வேறு. உயர் கை நிலையில் சைக்கிளைத் திருப்புவது அவருக்குக் கடினமாக இருந்தது. பயன் உண்மையானால் பழகிக்கொள்ளத் தயார், இல்லையென்றால் எதற்காக இந்தச் சிரமம் என்றார். நியாயமான கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்ற பதில் சொல்லும் தகுதி அந்தத் தரவுக்கு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

தரவில் தெரிந்தவை

சிடிஏவை எந்த சென்சாரும் நேரடியாக அளப்பதில்லை. மிதிக்கும் திறனிலிருந்து செயினில் இழந்தது, உருளல் தடைக்குப் போனது, ஏற்றத்துக்குப் போனது, வேகம் கூட்டப் போனது ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவது காற்றுத்தடைக்குரியது என்று வைத்துக்கொண்டு, அதைக் காற்றடர்த்தியாலும் வேகங்களாலும் வகுத்துப் பெறுவது. இந்தச் சமன்பாடு நம்பகமானது. 1998இல் ஜேம்ஸ் மார்ட்டினும் அவருடன் பணியாற்றியவர்களும், காற்றுச் சுரங்கத்தில் அளந்த மதிப்புகளை இதில் இட்டுக் கணித்த திறனையும் சாலையில் பவர் மீட்டர் காட்டிய திறனையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இரண்டும் மிக நெருங்கி வந்தன. ஆனால், கழித்து எஞ்சுவதைப் பெறும் கணக்கில் ஒரு குணம் உண்டு. கழிக்கப்படும் ஒவ்வொன்றின் பிழையும் எஞ்சியதன் தலையில் வந்து விழும்.

அந்தப் பிழைகளின் அளவை இந்த வீராங்கனையின் எடைக்கும் வேகத்துக்கும் கணக்கிட்டுப் பார்த்தேன். சாலை ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் சாய்ந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவே 8 வாட். நொடிக்கு நொடி 0.1 மீட்டர் வேகம் கூடினால் அந்த நேரத்துக்கு 80 வாட்டுக்கு மேல். பவர் மீட்டரும் வேக சென்சாரும் ஒரு நொடி முன்பின்னாகப் பதிவானால், முடுக்கும் இடங்களில் எல்லாம் சிடிஏ துள்ளும். நாம் தேடுவதோ 12 வாட்.

காற்றழுத்தமானியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் 11 அல்லது 12 பாஸ்கல் மாறும். நொடிக்கு 11.5 மீட்டர் வேகத்தில் எதிர்ப்படும் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 77 பாஸ்கல். அதாவது, கம்ப்யூட்டரின் அழுத்தத் துளைக்குள் காற்று நேராகப் புகுந்தால் ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உயர மாற்றம் இல்லாத இடத்தில் தோன்றிவிடும். கைகளின் இடம் மாறும்போது துளையின் எதிரே உள்ள காற்றோட்டமும் மாறும். உயரத் தரவைச் சாலையின் உண்மையான வடிவம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று அப்போதே தீர்மானித்தோம்.

அடுத்து, சக்கரச் சுற்றளவு. கம்ப்யூட்டரில் 2105 மில்லிமீட்டர் என்றிருந்தது. அது 25 மில்லிமீட்டர் டயருக்கான அட்டவணை மதிப்பு. சைக்கிளில் இருந்ததோ 28 மில்லிமீட்டர் டயர். வீராங்கனை அமர்ந்திருக்க, வால்வு தரையைத் தொடும் இடத்தில் குறியிட்டு, சக்கரத்தை முழுச் சுற்றுகள் உருட்டி அளந்தபோது 2130 வந்தது. 1.2% வேறுபாடு. சிடிஏ வேகத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் போவதால் அது ஏறத்தாழ 4% ஆகப் பெருகுகிறது. தாழ் கை நிலையின் 0.238 திருத்திய பின் 0.230 ஆனது. ஆனால், இது இரு நிலைகளையும் ஒரே அளவில் பாதிக்கும் பிழை. ஒப்பீட்டில் வந்த 6% வேறுபாட்டுக்கு இது காரணமாக முடியாது. பிழையைக் கண்டதும் விடை கிடைத்துவிட்டது என்று பயிற்சியாளர் மகிழ்ந்தார். அவரை நிறுத்தி இதை விளக்க வேண்டியிருந்தது. எண்ணைத் தவறாக்கும் பிழைகளும் வேறுபாட்டைத் தவறாக்கும் பிழைகளும் தனித்தனி வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை.

அந்த வகையில் முதலில் தென்பட்டது சோதனையின் வரிசை. முதலில் தாழ் கைச் சுற்றுகள் அனைத்தும், பிறகு திண்டுகளை மாற்றி உயர் கைச் சுற்றுகள் அனைத்தும் ஓடியிருக்கிறார்கள். இடையில் வெயில் ஏறியிருக்கிறது. டயர் சூடாகி உருளல் தடை குறைந்திருக்கும். அது 5% குறைந்தாலே 1.6 வாட். பவர் மீட்டரின் பூஜ்யத் திருத்தம், அதாவது மிதிக்காதபோது அது பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது, வீட்டுக்குள் செய்யப்பட்டது. வெளி வெப்பத்தில் அது நகர்ந்திருக்கலாம். காற்றின் வெப்பநிலை 3 டிகிரி மாறினால் அடர்த்தி 1% மாறும். கம்ப்யூட்டரின் வெப்பமானி வெயிலில் தானே சூடாகி, காற்றின் வெப்பத்தைக் கூட்டிச் சொல்லும். இவற்றில் சில ஒன்றையொன்று ஈடுசெய்யும், சில சேர்ந்துகொள்ளும். எது எவ்வளவு என்று பின்னால் இருந்து பிரித்தறிய வழியில்லை.

நல்லவேளையாகப் பவர் மீட்டர் இரு பக்கமும் அளக்கும் வகை. இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் வகையாக இருந்தால், இந்தச் சோதனையையே ஏற்க மறுத்திருப்பேன். அமர்வு நிலை மாறும்போது இடது காலின் பங்கு 50இலிருந்து 51% ஆனாலே திறன் 2% கூடியதாகத் தெரியும். காற்றுத்தடை குறித்த முடிவு கால்களின் சமநிலையைச் சொல்வதாக மாறிவிடும்.

எல்லாத் திசையிலும் எதிர்க்காற்று

விடை காற்றுவேக சென்சாரின் பதிவில் இருந்தது. அவர்கள் ஓடியது ஒரு மூடிய சுற்றுப்பாதை. சீரான காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும், சுற்றின் ஒரு பாதியில் எதிர்க்காற்றாக இருப்பது மறுபாதியில் பின்காற்றாக வேண்டும். ஆகவே, முழுச் சுற்றில் காற்று வேகத்தின் சராசரியும் தரை வேகத்தின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தாழ் கைச் சுற்றுகளில் அப்படியே இருந்தது. உயர் கைச் சுற்றுகளில் காற்று வேகம் தரை வேகத்தைவிட ஏறக்குறைய 2.5% அதிகம். சுற்றை எட்டுத் துண்டுகளாக்கிப் பார்த்தேன். எந்தத் திசையில் திரும்பியபோதும் மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு எதிர்க்காற்று. அப்படி ஒரு காற்று உலகில் வீசாது.

காரணம் இதுதான். உடலும் கைகளும் தமக்கு முன்னே உள்ள காற்றையும் மெதுவாக்குகின்றன. ஏரோ பாருக்குக் கீழே நீண்ட சென்சார் அந்த மெதுவான காற்றுக்குள்தான் இருக்கிறது. அதனால் அது குறைத்தே அளக்கும். அந்தக் குறையைச் சரிசெய்ய, போய்த் திரும்பும் ஓட்டம் ஒன்றை நடத்தி ஒரு திருத்தக் காரணி கண்டுபிடிப்பார்கள். இங்கே அந்த ஓட்டம் தாழ் கை நிலையில் மட்டும் நடந்திருந்தது. கைகள் மேலே போனதும் சென்சாரின் அருகிலிருந்த தடை விலகி, அது முன்பைவிடத் தூய காற்றைப் பார்த்தது. பழைய காரணியோ அதை இன்னும் பெருக்கிக்கொண்டே இருந்தது. காற்று வேகம் 2.5% கூடித் தெரிந்தால் இயக்க அழுத்தம் 5% கூடித் தெரியும். அதே அளவுக்குச் சிடிஏ குறைந்து தெரியும். திரை காட்டிய 6% வேறுபாட்டில் 5% இங்கேயே கரைந்துபோயிற்று.

சென்சார் பழுதானதன்று. தனக்கு முன்னே இருந்த காற்றை அது சரியாகவே அளந்தது.

சோதனையை மறுபடி அமைத்தது

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனித் திருத்தக் காரணி கண்டு பழைய தரவை மறுபடி கணக்கிடுவது. வரிசையால் வந்த குழப்பத்தை அது தீர்க்காது. இரண்டு, காற்றுச் சுரங்கம். அது அவர்கள் எட்டும் தூரத்தில் இல்லை. மூன்று, காற்று அசையாத விடியற்பொழுதில், காற்றுவேக சென்சாரை நம்பாத ஒரு முறையில் மறுபடி அளப்பது. மூன்றாவதைத் தேர்ந்தோம். சென்சாரைக் கழற்றவில்லை. அன்றைய காற்று உண்மையிலேயே அமைதியாக இருந்ததா என்பதற்குச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

கணக்குக்கு ராபர்ட் சங் வகுத்த மெய்நிகர் உயர முறையை எடுத்துக்கொண்டோம். கோல்டன் சீட்டா என்ற திறந்த மூல மென்பொருளில் இது ஏரோலேப் என்ற பெயரில் இருக்கிறது. யோசனை அழகானது. சிடிஏவுக்கு ஒரு மதிப்பை ஊகித்து, ஒவ்வொரு நொடிக்கும் திறனும் வேகமும் பொருந்தச் சாலை எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தச் சாய்வுகளைக் கூட்டிச் சாலையின் உயர வரைவை உருவாக்குவது. சுற்றுப்பாதையில் ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய உயரத்திலேயே முடிய வேண்டும் அல்லவா? ஊகித்த சிடிஏ கூடுதலாக இருந்தால் வரைவு சுற்றுக்குச் சுற்று கீழே இறங்கிக்கொண்டே போகும், குறைவாக இருந்தால் மேலே ஏறிக்கொண்டே போகும். வரைவு சமமாக நிற்கும் மதிப்பே விடை. காற்றழுத்தமானி தேவையில்லை. யாராவது பிரேக் பிடித்தால் அந்த இடத்தில் வரைவில் பொய்யான மேடு எழுந்துவிடும், அதுவும் கண்ணுக்குத் தெரியும்.

நடைமுறையில் பின்பற்றியவை இவை. பிரேக் பிடிக்காமல் வளையக்கூடிய, போக்குவரத்து இல்லாத சுற்றுப்பாதை. சைக்கிள் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்தபிறகு பூஜ்யத் திருத்தம், ஒவ்வொரு நிலை மாற்றத்தின்போதும் மறுபடி. முன்கூட்டியே ஓடி டயரைச் சூடாக்குவது. அதே உடை, அதே தலைக்கவசம், அதே தண்ணீர் அளவு. வெப்பநிலையை நிழலில் வைத்த தனி வெப்பமானியில் படிப்பது. அன்றைய காற்றடர்த்தி கனமீட்டருக்கு 1.16 கிலோ என்று வந்தது. 15 டிகிரியில் கடல்மட்டத்துக்குச் சொல்லப்படும் 1.225ஐ அப்படியே இட்டிருந்தால் அங்கேயே 5% போயிருக்கும்.

வரிசை, தாழ் கை, உயர் கை, மறுபடி தாழ் கை, மறுபடி உயர் கை என்று மாற்றி மாற்றி அமைந்தது. இது எல்லோருக்கும் சலிப்பூட்டியது. ஒவ்வொரு முறையும் திண்டுகளைக் கழற்றிப் பூட்ட வேண்டும், அதற்குள் டயர் ஆறிவிடக் கூடாது. ஆனால், வெப்பமும் களைப்பும் ஒரே திசையில் நகரும்போது அவற்றை நிலையின் விளைவிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த வரிசை ஒன்றுதான். இதில் விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை.

சுற்றுகளுக்கிடையே வேகத்தை மணிக்கு 32 முதல் 42 கிலோமீட்டர் வரை மாற்றச் சொன்னோம். உருளல் தடையும் காற்றுத்தடையும் ஒரே வேகத்தில் பிரித்தறிய முடியாதவை. வேகம் மாறும்போது ஒன்று மெதுவாகவும் மற்றது விரைவாகவும் வளர்வதால்தான் இரண்டும் தனித்தனியே தெரியும்.

வட்டுச் சோதனை

உயர் கையை அளப்பதற்கு முன், இந்த முறையால் எவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காண முடியும் என்று தெரிய வேண்டும். காற்றுக்கு நேர்க்குத்தாக நிற்கும் தட்டையான வட்டத் தகட்டின் இழுவைக் கெழு ஏறக்குறைய 1.17 என்பது பாய்ம இயக்கவியலில் நன்கு நிறுவப்பட்டது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டு சிடிஏவில் 0.009 கூட்ட வேண்டும். 7 சென்டிமீட்டர் வட்டு 0.0045 கூட்ட வேண்டும். முன் அச்சிலிருந்து பக்கவாட்டில் நீண்ட மெல்லிய கம்பியின் முனையில், கால்களின் காற்றோட்டத்துக்கு எட்டாத இடத்தில் வட்டைப் பொருத்தினோம். கம்பிக்கும் தடை உண்டு என்பதால், வெறும் கம்பியுடன் ஓடிய சுற்றுகளை அடிப்படையாக வைத்தோம்.

எந்தச் சுற்றில் வட்டு இருந்தது, எதில் இல்லை என்பதைப் பயிற்சியாளர் மட்டும் குறித்துக்கொண்டார். கோப்புகள் எனக்குக் குறியீட்டு எண்களுடன் வந்தன. பெரிய வட்டு ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரிந்தது. கிடைத்த மதிப்புகள் 0.008க்கும் 0.010க்கும் இடையே நின்றன. சிறிய வட்டைத் தனித்தனிச் சுற்றுகளில் பிரித்தறிய முடியவில்லை. பல சுற்றுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது மட்டும் தெரிந்தது. ஆகவே, இந்தச் சாலை, இந்தக் கருவிகள், இந்த வீராங்கனை என்ற கூட்டில் 0.004க்குக் குறைவான வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று எழுதி வைத்துக்கொண்டோம். அளவீட்டின் எல்லையை முன்பே எழுதி வைக்காவிட்டால், பிறகு வரும் எண் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து எல்லை நகரும்.

இந்த ஆய்வு முழுவதிலும் நான் மற்றவர்களுக்கு மிகவும் பரிந்துரைப்பது இந்தப் பகுதியைத்தான். ஒரு தகடு, ஒரு கம்பி, ஒளித்து வைத்த பட்டியல். இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அமர்வு நிலைகளின் அளவீடு

தாழ் கைக்கு 0.230, உயர் கைக்கு 0.2275. வேறுபாடு 0.0025. எழுதி வைத்த எல்லைக்குள் அடங்கிவிட்டது. உயர் கை நிலை தானாகக் காற்றுத்தடையைக் குறைக்கிறது என்றும் சொல்ல முடியாது, குறைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. போட்டிக் கடிகாரம் காட்டியதோடு இது முரண்படவில்லை.

வீடியோவைப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இரு நிலைகளிலும் வீராங்கனையின் தலை முதுகின் கோட்டுக்கு மேலே உயர்ந்து நின்றது. தலையைத் தோள்களுக்கிடையே இறக்கிச் சில சுற்றுகள் ஓடச் சொன்னோம். திண்டுகளைத் தொட வேண்டியதில்லை என்பதால், நிற்காமலே ஒரு சுற்று தலை உயர்த்தி, ஒரு சுற்று தலை இறக்கி என்று மாற்ற முடிந்தது. இதைவிடத் தூய்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. தாழ் கையுடன் தலை இறக்கியபோது 0.219. உயர் கையுடன் 0.217. இரண்டிலுமே வேறுபாடு எல்லையைத் தாண்டியது.

ஆனால், சில நிமிடச் சுற்றில் கிடைப்பது போட்டி முழுவதும் கிடைக்காது. போட்டித் திறனில் நீண்ட நேரம் ஓடச் செய்து, முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் தனித்தனியே கணக்கிட்டோம். தாழ் கை நிலையில் கழுத்து களைத்து, பிற்பாதியில் தலை மெல்ல எழுந்துவிட்டது. சிடிஏ 0.228க்குத் திரும்பிவிட்டது. உயர் கை நிலையில் முன்கைகள் தோள்களைத் தாங்கிக்கொண்டதால் தலை இறங்கியே இருந்தது. பிற்பாதியிலும் 0.220.

எடுத்த முடிவும் காரணமும்

உயர் கை நிலையை வைத்துக்கொள்வது, தலையை இறக்கி ஓடப் பழகுவது என்று முடிவானது. முதலில் திரை சொன்ன அதே நிலைதான், ஆனால் காரணம் வேறு. கைகளை உயர்த்துவது காற்றைப் பிளப்பதாக எண்ணியிருந்தார்கள். கண்டது, அது தலையைத் தாங்குகிறது என்பது. இந்த வேறுபாடு பயிற்சியை மாற்றியது. திண்டுகளை இன்னும் இன்னும் உயர்த்திப் பார்க்கும் திட்டம் கைவிடப்பட்டது. கழுத்துக்கும் மேல்முதுகுக்குமான பயிற்சிகள் சேர்ந்தன. உயர் கையில் சைக்கிளைத் திருப்பும் சிரமத்துக்காகத் திண்டுகளைச் சற்று அகலப்படுத்தினோம். அகலத்தின் விளைவு எல்லைக்குள் அடங்கியதால் அதில் இழப்பு எதையும் காண முடியவில்லை.

பாதுகாப்பு குறித்து வீராங்கனை ஒரு நிபந்தனை வைத்தார். வளைவுகளிலும் சாலை தெளிவாகத் தெரியாத இடங்களிலும் தலையை உயர்த்துவேன், அதற்காக யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்றார். தலை இறங்கினால் எதிரே தெரியும் தூரம் குறைகிறது என்பது உண்மை. பயிற்சியாளர் அதை எழுத்திலேயே திட்டத்தில் சேர்த்தார்.

ஓடும்போது சிடிஏவைத் திரையில் காட்டுவதையும் நிறுத்தினோம். நொடிக்கு நொடி துள்ளும் அந்த எண்ணைப் பார்க்கவே அவர் தலையை உயர்த்திக்கொண்டிருந்தார் என்பது வீடியோவில் தெரிந்தது.

பின்னர் நடந்தவை

பழகிய பின் ஓடிய போட்டிக் கோப்புகளில் சிடிஏ சராசரி 0.222ஐ ஒட்டி வந்தது. சுற்றுப்பாதையில் அளந்த 0.220ஐவிடச் சற்று அதிகம். வளைவுகளில் தலை உயர்த்தியதற்கு அது பொருந்துகிறது. தாழ் கையின் 0.230உடன் ஒப்பிட்டால் போட்டி வேகத்தில் 7 வாட் சேமிப்பு. திரை உறுதியளித்த 12இல் பாதிக்குச் சற்று மேல், ஆனால் இது வட்டுச் சோதனையில் தேறிய முறையால் நிறுவப்பட்டது.

போட்டி நேரங்கள் குறைந்தன. அதை முழுவதும் இந்த மாற்றத்தின் கணக்கில் நான் எழுதவில்லை. பாதையும் காற்றும் ஒவ்வொரு போட்டியிலும் வேறு. அந்தப் பருவத்தில் அவருடைய திறனும் சற்று உயர்ந்திருந்தது.

காற்றுவேக சென்சார் இன்னும் சைக்கிளில் இருக்கிறது. காற்று வீசும் நாட்களில் அது இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. உயர் கை நிலைக்கு என்றே தனித் திருத்தக் காரணி கண்டு இட்டபின், மூடிய சுற்றில் காற்று வேகமும் தரை வேகமும் மறுபடி பொருந்தின.

அடுத்த முறை மாறுபவை

அமர்வு நிலையில் எந்த மாற்றம் செய்தாலும், சிடிஏவைப் பார்க்கும் முன் முழுச் சுற்றின் காற்று வேகச் சராசரியையும் தரை வேகச் சராசரியையும் ஒப்பிடுவது முதல் வேலை. அவை 1%க்கு மேல் விலகினால் அந்த ஓட்டத்தின் எண்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. சென்சாரைத் தாங்கும் கம்பியை இன்னும் முன்னோக்கி நீட்டினால் உடலின் தாக்கம் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். நீண்ட கம்பி அதிர்ந்து அழுத்தப் பதிவைக் கெடுக்கக்கூடும் என்பதால், நீளத்தைக் கூட்டிக் கூட்டிச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சுற்றளவை உருட்டி அளந்து, டயரின் அழுத்தத்துடன் சேர்த்துக் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பயிற்சியாளர் தம்மிடம் பயிலும் அனைவருக்கும் கொண்டுவந்திருக்கிறார். வட்டுச் சோதனையை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நடத்துவது, பட்டியலை இனி வீராங்கனையே ஒளித்து வைப்பது என்று ஏற்பாடு. பக்கவாட்டுக் காற்றை இந்த ஆய்வு தொடவே இல்லை. அமைதியான விடியலில் அளந்த எந்த எண்ணும் சாய்ந்து வீசும் காற்றில் தலைக்கவசமும் பின் சக்கரமும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது. அதற்குக் காற்றின் கோணத்தையும் அளக்கும் பல துளை சென்சார் வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு கோணத்திலும் தனித்தனித் திருத்தமும் வேண்டும். அந்தச் சோதனைக்கான திட்டம் இப்போது எழுதப்பட்டு வருகிறது.